திருச்சிக்கு எவ்வளவு தூரம்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நீங்கள் எல்லோரும் என்னை மறித்துக் கேட்பது இப்போது ஒரே கேள்விதான். "திருச்சிக்குப் போனனீராமே, எவ்வளவு நேரம் எடுத்தது?"

ஒரு மணித்தியாலம்கூட வரவில்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புகிறீர்கள் இல்லை. கொழும்புக்குப் போகவே இரவு முழுக்க பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்து பழகிப்போன ஆட்கள் நாங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறி, பெல்ற்றைப் பூட்டி, பக்கத்தில் இருந்த பெடியனோடு இரண்டு கதை கதைத்து முடியவில்லை, இறங்கப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் திருச்சி எவ்வளவு தூரம் என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. எனக்கு ஒன்பது வயதாக இருந்த ஒரு மாரிகாலம் முழுவதும் எங்கள் வீட்டில் வேறு கதை இருக்கவில்லை. உங்களுக்கும் அந்தக் காலம் நினைவிருக்கும். பலாலியில் இரட்டை விசிறி விமானம் வந்து போகும். வகுப்பில் இருக்கும்போது அதன் சத்தம் கேட்டால் ரீச்சர்கூடப் பாடத்தை நிறுத்திவிட்டு யன்னலால் எட்டிப் பார்ப்பார்.

நாங்கள் சண்டிலிப்பாயில் இருந்தோம். அப்பா நில அளவையாளர். அவருடைய அளவைச் சங்கிலி விறாந்தை மூலையில் ஒரு சாக்குக்குள் கிடக்கும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டால், எங்கோ இரண்டு வீட்டுக்காரர் வேலிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். மாமி அப்பாவின் ஒரே தங்கை. பெற்றோர் இருவரும் வேளைக்கே கண்ணை மூடிவிட்டதால் மாமியை வளர்த்துப் படிப்பித்தவர் அப்பாதான். அம்மா கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தபோது மாமி இரட்டைப் பின்னல் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை.

நான் அறிந்த மாமி மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் போவார். கோயில் பாடகர் குழுவில் அவருடைய குரல் தனியாகத் தெரியும். அந்தக் குழுவில்தான் மாமாவைக் கண்டார். மாமா திருச்சிக்காரர். எங்கள் பக்கத்துக் கல்லூரிக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தவர். அவர் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லும்போதெல்லாம் சின்னவர்கள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவர் எங்களுடைய "வாறன்" கேட்டுச் சிரிப்பார். அப்பா தன்னுடைய அளவைக் கணக்குகளை எல்லாம் கொண்டுபோய் அவருக்குக் காட்டுவார். இருவரும் ஒரு கடுதாசியில் முக்கோணம் முக்கோணமாகக் கீறிக்கொண்டு இருப்பார்கள். பக்கத்தில் வைத்த கோப்பி ஆறிப்போகும்.

அதனால் கலியாணத்துக்கு அப்பா மறுப்புச் சொல்லவில்லை. மாப்பிள்ளை இங்கேயே இருந்துவிடுவார் என்று அவர் பாட்டில் நினைத்துக்கொண்டார். மாமாவின் தாயார் திருச்சியில் தனியே இருந்ததையும், அவருடைய வேலை அனுமதி முடிகிறதையும் அப்பா கேட்டார்தான், ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கலியாணம் முடிந்து சில மாதத்தில் மாமா தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய்விட்டார். மாமியின் பத்திரங்கள் சரிவந்ததும் விமானத்தில் அனுப்பிவிடுங்கள் என்பதுதான் ஏற்பாடு.

அப்போதுதான் அப்பாவுக்குத் திருச்சி தூரமாகத் தொடங்கியது.

"கொழும்பிலை ஒரு மாப்பிளையைப் பாத்திருக்கலாம்" என்று சாப்பிடும்போது சொல்லுவார். "நினைச்சவுடனை போய்ப் பாத்திட்டு வரலாம்."

நான் பள்ளிக்கூட அட்லசை எடுத்து, அம்மாவின் தையல் நூலை வைத்து அளந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பிடித்த நூலைத் திருச்சிப் பக்கம் திருப்பினால், அது திருச்சியைத் தாண்டி எங்கேயோ மலைக்குள் போய் நின்றது. எனக்குப் பெரிய புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன்.

"அப்பா, கொழும்பு இருநூறு மைல். திருச்சி நூற்றுச் சொச்சந்தான். திருச்சிதான் கிட்ட!"

அப்பா கண்ணாடியை உயர்த்திவிட்டு நூலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"படத்திலை சரிதான் பிள்ளை. கொழும்பிலை அவளுக்கு ஒரு தலையிடி எண்டால் நான் மெயில் ரெயினிலை ஏறி விடிய அங்கை நிப்பன். உங்கை திருச்சிக்குப் போறதெண்டால் பாஸ்போட், விசா, அதுக்கு மேலாலை கடல். உதெல்லாத்தையும் நூலாலை அளக்கேலுமோ?"

ஊருக்கெல்லாம் தூரம் அளந்து கொடுக்கிற மனிதர் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

பத்திரங்கள் வந்தது நல்ல மழைக்குள். வீட்டில் சாமான் கட்டத் தொடங்கினோம். ஒரு தகரப் பெட்டிக்குள் அம்மா அடுக்கினதை இப்போது நினைத்தாலும் மணக்கிறது. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு போத்தல், காயவைத்த பனங்கிழங்கு ஒடியல், பனங்கட்டிக் குட்டான்கள், பனம்பழப் பினாட்டு, மாமிக்குப் பிடித்த எள்ளுருண்டை. திருச்சியில் சோறே கிடையாது என்று அம்மா நினைத்தாரோ தெரியாது.

போகிற நாள் காலையில் மழை விட்டிருந்தது. வாடகைக்குப் பிடித்த ஒஸ்ரின் காரில் அப்பா முன்னுக்கு, நாங்கள் மூன்று பேர் பின்னுக்கு. அயலட்டைச் சனம் எல்லாம் வாசல் படலையடியில் நின்று அழுதது. போதகர் வந்து கடல் கடந்து போகிறவர்களுக்காக ஒரு நீண்ட ஜெபம் செய்தார். அதைக் கேட்ட பிறகு அழாமல் இருந்தவர்களும் அழுதார்கள்.

பலாலியில் அப்போது இருந்தது ஒரு சின்னக் கட்டடம். பெட்டியை நிறை பார்த்தார்கள். பிறகு மாமியையும் தராசில் ஏறச் சொன்னார்கள். கைப்பையை வைத்துக்கொண்டு மாமி தராசில் நின்றபடி வெட்கத்தால் சிவந்துபோனது எனக்கு நல்ல நினைவு. நிறையைப் பார்த்தவர் அதைச் சத்தமாக வாசித்தும் விட்டார். பெட்டியின் பாரம் கூடிவிட்டது என்று அம்மா மிளகாய்த்தூளில் ஒரு போத்தலைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. அம்மா அழுதது அந்தப் போத்தலுக்கோ மாமிக்கோ என்று சொல்ல முடியாது.

மாமி அழவே இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாறன் அண்ணை" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். விசிறிகள் சுற்ற, ஓடுபாதை ஓரத்துச் செம்மண் தண்ணீரெல்லாம் தூவானமாக எழும்பியது. விமானம் எழும்பி வடக்கே முகிலுக்குள் போய் மறைந்தது. சத்தம் அடங்கிய பிறகும் அப்பா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மா அவரை ஒருமாதிரி இழுத்துக்கொண்டுபோய் ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் இருத்தினார்.

இரண்டாவது தேத்தண்ணி வந்தபோது மறுபடி சத்தம் கேட்டது.

"வேறை பிளேனாக்கும்" என்றார் கார்க்காரர்.

வேறு விமானம் இல்லை. திருச்சியில் புயல் மழை, இறங்க முடியாது என்று செய்தி வந்து, போன விமானமே திரும்பி வந்துவிட்டது. படிகளால் இறங்கி வந்தவர்களில் மாமி கடைசி. முகம் வீங்கி, மூக்கு சிவந்து, தேம்பித் தேம்பி அழுதுகொண்டு வந்தார். அப்பா வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சரி, சரி, தங்கச்சி. அழாதை. வந்திட்டாய்தானே. ஒண்டுக்கும் யோசியாதை."

காரில் மாமி என் கையை எடுத்து இரண்டு ரொபி மிட்டாயை உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டார். விமானத்தில் கொடுத்தவையாம். ஒன்று தோடம்பழ மணம், மற்றது புதினா. சரசரக்கிற அந்தக் கடுதாசிகளைக் கனகாலம் என் வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். பிறகு வந்த இடம்பெயர்வுகளில் வேதாகமமும் போய்விட்டது.

வீட்டில் அன்றைக்குத் திருவிழா மாதிரி. காலையில் அழுத அயலட்டை மத்தியானம் சிரித்துக்கொண்டு வந்தது. அப்பா தானே சைக்கிளில் போய் விளைமீன் வாங்கி வந்தார். குசினி வாசலில் நின்று அம்மாவிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அவளுக்குப் போக விருப்பமில்லை. எங்களுக்காண்டி வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். நாளைக்குக் காலமை அவருக்கு ஒரு தந்தி அடிக்கிறன், தாயையும் கூட்டிக்கொண்டு இஞ்சை வரச்சொல்லி. கல்லூரியிலை நான் கதைக்கிறன்."

"எதுக்கும் அவளை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? கண்ணாலை பாத்தனான்தானே."

கண்ணால் பார்த்ததை அப்பா எப்போதும் நம்புவார். தொழில் அப்படி.

பின்னேரம் மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. மாமி சேலைகூட மாற்றாமல் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் ரொபியைச் சூப்பிக்கொண்டு பக்கத்தில் போய்ப் படுத்தேன்.

"மாமி, மேலை இருந்து பாக்க என்ன தெரிஞ்சது?"

மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். வெளிக்கிட்டதும் வெறும் முகில். காது அடைத்ததாம். கொஞ்ச நேரத்தில் முகில் ஒரு இடத்தில் விலகிக் கீழே கடல் தெரிந்ததாம், பாசி நிறத்தில். அதற்குப் பிறகு ஒரு வெள்ளைக் கோடு. அலை உடைகிற கோடு. அதற்கு அங்கால் பச்சை வயல்.

"அது எந்த இடம் மாமி?"

"இந்தியா."

"அவ்வளவு கெதியா வந்திட்டுதோ?"

"அவ்வளவு கெதியா." விரலால் சுவரில் ஒரு கோடு கீறி, "பிறகு பிளேனின்ரை செட்டை ஒரு பக்கம் சரிஞ்சுது. கோடு பின்னாலை போயிட்டுது" என்றார்.



மறுநாள் காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, குடையும் சைக்கிளுமாகத் தந்திக்கு வெளிக்கிட்டார். படலையைத் திறந்துவிட நான் முன்னால் ஓடினேன். பின்னால் கதவு படார் என்று அடித்தது. மாமி வெறுங்காலோடு முற்றத்துச் சேற்றில் ஓடி வந்தார்.

"அண்ணை, எங்கை போறியள்?"

"தபால்கந்தோருக்கு. அவரை இஞ்சை வரச்சொல்லித் தந்தி அடிக்கப்போறன். நீ உள்ளை போ, நனையாதை."

"அவர் ஏன் இஞ்சை வரவேணும்?"

"நீ அழுதனீதானே, தங்கச்சி."

"நான் அழுதது பிளேன் திரும்பினதுக்கு!"

மாமி அப்பாவுக்கு முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அண்ணை, நான் கரையைப் பாத்திட்டன். சைக்கிளிலை பள்ளிக்கூடத்துக்குப் போற நேரந்தான், அதுக்குள்ளை அங்கை போயிட்டன். அவர் அந்தப் பக்கத்திலை எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறார். திருப்பிக் கொண்டந்து விட்டிட்டினம். இனி நீங்கள் என்னை விடமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். அழாமல் என்ன செய்யிறது?"

மழை இரண்டு பேருடைய தலையிலும் கொட்டியது. குடை கையில் இருந்தும் அப்பாவுக்கு விரிக்கத் தோன்றவில்லை.

"அப்ப உனக்குப் போகத்தான் விருப்பமோ?"

"ஓம்."

"பயமில்லையோ?"

"பயந்தான். எண்டாலும் போகவேணும்."

அப்பா கொஞ்ச நேரம் படலைக்கு வெளியே ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பி மாமரத்தில் சாத்திவிட்டு, குடையை விரித்து மாமிக்கு மேலே பிடித்தார். வீட்டுக்குள் வந்ததும் அம்மாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "உந்தப் பெட்டியை அவிழ்த்துப் போடாதையும். அடுத்த பிளேனுக்கு அவள் போறாள்."

இரண்டாவது முறை போதகரும் வரவில்லை, அயலட்டையும் வரவில்லை. ஒரே ஆளை இரண்டு முறை வழியனுப்பி அழ யாருக்கு நேரம்? பலாலியில் மாமி சிரித்த முகமாகத் தராசில் ஏறினார். இந்த முறை அழுதவர் அப்பா. கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, எல்லோரும் பார்க்க அழுதார். மாமி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காதுக்குள் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விமானம் போயிற்று. திரும்பி வரவில்லை. நாங்கள் வெளிக்கிட்டோம்.

சில மைல் தள்ளி மல்லாகத்துக்குக் கிட்ட வரும்போது காரின் ரயர் வெடித்தது. கார்க்காரர் செம்மண் சேற்றுக்குள் குந்தி, காரைத் தூக்க ஜக்கை வைக்க, அது புதைந்தது. பலகை தேடினார்கள். பலகை கிடைத்தபோது மழை வந்தது. அம்மாவும் நானும் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். அப்பா பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். ஒருக்காப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"என்னப்பா?" என்று அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"அவள் இப்ப திருச்சியிலை இறங்கியிருப்பாள். நாங்கள் இன்னும் மல்லாகம் தாண்டேல்லை!"

சேறு தெறித்த வேட்டியோடு நடுரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழுத கண் காயவில்லை, அதோடு சிரித்தார். அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் கார்க்காரர்தான், "ஐயா, சிரிக்கிறதை விட்டிட்டு உந்தப் பலகையை ஒருக்கா வடிவாப் பிடியுங்கோ" என்று கெஞ்சினார்.

அதற்குப் பிறகு வந்தவை நல்ல வருடங்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் மாமி வந்துவிடுவார். முதலில் கைக்குழந்தையோடு வந்தார், பிறகு ஓடித் திரிகிற இரண்டு பெடியன்களோடு. அப்பாவும் இரண்டு முறை போய் வந்தார். போய் வந்து, "ஒண்டுமில்லை, உதிலை இருக்கு" என்று கையைக் காட்டுவார், ஏதோ பக்கத்திலுள்ள சங்கானைச் சந்தையைக் காட்டுகிற மாதிரி.

பிறகு யுத்தம் வந்து நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். விமானம் நின்றது, கப்பல் நின்றது, பலாலிப் பக்கம் ஒருவரும் போக முடியாமல் போயிற்று. அப்பா இறந்தபோது கொழும்புப் பாதையும் பூட்டி இருந்தது. செய்தி மாமிக்குப் போய்ச் சேரவே வாரங்கள் ஆயின. நூலால் அளக்க முடியாது என்று அப்பா அன்றைக்குச் சொன்னதை நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். அவர் பயந்தது வீணான பயம் இல்லை. ஆனாலும் அந்தப் பயத்தைக் கேட்டு மாமியைப் படலையடியில் மறித்திருந்தால், மாமியின் அத்தனை வருடங்களும் இல்லாமல் போயிருக்கும். மாமி மாமாவோடு வாழ்ந்தது நிறைந்த வாழ்க்கை. அதைப் போய்ப் பார்த்தவள் சொல்கிறேன்.

மாமா இப்போது இல்லை. மாமி திருச்சியில் மூத்த மகனோடு, என் மச்சானோடு, இருக்கிறார். இந்த முறை என்னைக் கண்டவுடன் கட்டிப்பிடித்து, "நல்லா மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்றார். நான் மெலியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மகனோடு திருச்சித் தமிழும் என்னோடு எங்கடை தமிழுமாக, ஒரே மூச்சில் மாறி மாறிக் கதைத்தார்.

நான் திரும்புவதற்கு முதல் நாள், "நானும் வாறன்" என்றார்.

மச்சான் பதறிப்போனார். "அம்மா, எண்பது வயசு தாண்டிருச்சு. இந்த வயசுல அவ்ளோ தூரம் எப்படிம்மா போவீங்க?"

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு ஆபீசுக்குப் போக எவ்ளோ நேரம் ஆகுது?"

"டிராபிக்க பொறுத்து. ஒரு மணி நேரம், ஒண்ணேகால் மணி நேரம்."

"நீ தினமும் அவ்ளோ தூரம் போற. நான் ஏதாச்சும் சொல்றேனா?"

மாமியின் பத்திரங்கள் சரிவரும்வரை நான் என் பயணத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்து, இருவருமாக ஏறினோம். விமானம் மேலே எழும்பியதும் மாமி வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். பலாலியில் இறங்கித்தான் எழுப்பினேன். குடிவரவு மேசையில் இருந்த இளம் பெண், "எத்தினை நாள் நிக்கப்போறீங்கள், அம்மா?" என்று கேட்டார்.

மாமி என்னைச் சுட்டிக் காட்டினார். "இவள் அலுக்காமல் சமைச்சுப் போடுற வரைக்கும்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அடுத்த நாள் அப்பாவை அடக்கம் செய்த சேமக்காலைக்குக் கூட்டிப் போனேன். மாரிக்குப் பிறகு புல் முழங்காலளவு நின்றது. மாமி கண்கலங்குவார் என்று எண்ணி நான் கைலேஞ்சியோடு தயாராக நின்றேன். அவரோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்னடி, இடத்தை இப்பிடியே விட்டு வைச்சிருக்கிறாய்?" என்று என்னை ஏசினார். இருவருமாகக் குனிந்து புல்லைப் பிடுங்கினோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மாமிக்கு ஒன்றுமில்லை.

கல் முழுதாக வெளியே தெரிந்ததும், உள்ளங்கையால் அதிலிருந்த மண்ணைத் துடைத்துவிட்டார். கையைக் கல்லிலேயே வைத்துக்கொண்டார்.

"வரக் கொஞ்சம் சுணங்கிப்போச்சு, அண்ணை" என்றார்.

பிறகு என் தோளைப் பிடித்து எழும்பி, "வா பிள்ளை, பசிக்குது" என்றார்.